கேட்காமல் மாற்றிய கம்பிகள்

புக்கிட் பெலிம்பிங்
5 அக்டோபர் 2025

திலீப்,

வாட்ஸ்அப் குழுவிலிருந்து நான் விலகிவிட்டதையும் உன் எண்ணைத் தடுத்து வைத்திருப்பதையும் கவனித்திருப்பாய். போனில் பேசினால் நீ எப்படியாவது என்னைச் சிரிக்க வைத்துவிடுவாய். எனக்கு இப்போது சிரிக்க விருப்பமில்லை. அதனால் தாளில் எழுதுகிறேன். பதில் சொல்வதென்றால் நீயும் தாளில் சொல்.

குழுவிலிருந்து விலகுமுன் நீ எழுதியிருந்ததைப் படித்தேன். "அக்காவுக்கு அன்னிக்கு டச் விட்டுப் போச்சு." விட்டுப் போகவில்லை. என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

நம் 'சதுப்பு' இசைக்குழுவின் வாத்தியங்கள் எல்லாம் ஆயுத பூஜைக்கு உன் வீட்டுச் சாமி அறையில் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது நீ ஏற்படுத்திய வழக்கம். இந்தச் சடங்குகளில் எனக்கு ஈடுபாடு இல்லை என்பது உனக்குத் தெரியும். இருந்தும் ஒவ்வொரு வருஷத்தையும் போல என் கிட்டாரை உலு யாமுக்குக் கொண்டுவந்து கொடுத்தேன். விஜயதசமி வரை யாரும் தொடக்கூடாது என்றாய். நான் தொடவில்லை. நீ அதை வேனில் ஏற்றி நேராகச் சுங்கை ஆயர் தாவார் மேடைக்குக் கொண்டுவந்தாய். நான் செம்பனை எண்ணெய் ஆலை ஆய்வுக்கூடத்தில் வேலையை முடித்துவிட்டு, உடை மாற்றக்கூட நேரமில்லாமல் வந்து சேர்ந்தேன். பிரமுகர்கள் பேசி முடித்தபோது ஒலியைச் சரிபார்க்கும் நேரம் போய்விட்டது. ஆஷிக் டிரம்ஸில் நான்கு தட்டு தட்டினான். தொடங்கிவிட்டோம்.

முதல் அடியிலேயே தெரிந்துவிட்டது. கம்பி கையில் கொழகொழவென்று இருந்தது. அழுத்தி அடித்த ஒவ்வொரு சுரமும் ஏறிப்போய்ப் பிறகு இறங்கி வந்து நின்றது. கீழ்க்கம்பிகள் கழுத்திலுள்ள ஃப்ரெட் பட்டைகளில் பட்டுக் கரகரத்தன. இரண்டாம் பாட்டு முடிந்ததும் உன் அருகில் வந்து, "கிட்டார்ல என்னமோ பண்ணியிருக்கீங்க, ரெண்டு நிமிஷம் குடு" என்றேன். நீ தலையை ஆட்டிவிட்டு அடுத்த பாட்டை அறிவித்தாய். மூன்றாம் பாட்டில், தனியாக வாசிக்கும் இடத்தில், எப்போதும் போல இழுத்தேன். கம்பி அறுந்தது.

அப்போது நீ மைக்கில் சொன்னது: "அக்காவுக்குக் கை வலிக்குது போல. பொம்பளை கைதானே, பாவம். நல்லா கை தட்டுங்க லா!"

மண்டபமே சிரித்தது. அதை யாரோ படம் பிடித்திருக்கிறார்கள். நம் பக்கத்திலேயே போட்டிருக்கிறீர்கள்.

வீட்டுக்கு வந்து மிச்சமிருந்த கம்பிகளைக் கழற்றி, மறுநாள் ஆலைப் பட்டறை மைக்ரோமீட்டரில் வைத்து அளந்தேன். நான் போடுவது பதினொன்று செட். என் கிட்டாரில் இருந்தது ஒன்பது செட். மிக மெல்லியது. யார் மாற்றியது? யாரைக் கேட்டு?

அந்தக் காணொளியை எடுத்துவிடு. நவம்பர் பதினைந்தாம் தேதி 'சங்கு' பாட்டைப் பதிவு செய்ய வேண்டும். அதற்குமுன் இது தீர வேண்டும்.

புனிதவதி


உலு யாம்
10 அக்டோபர் 2025

அன்புள்ள அக்கா,

நான் கடைசியாகக் கடிதம் எழுதியது தமிழ்ப்பள்ளியில், நோய் விடுப்பு கேட்டு. அதுவும் பொய். அதனால் பிழை இருந்தால் மன்னியுங்கள்.

கம்பி மாற்றியது சுகு. சத்தியமாக எனக்குத் தெரியாது. உங்கள் கடிதம் வந்த பிறகுதான் கேட்டேன். அவன் என்ன சொன்னான் என்று அப்படியே எழுதுகிறேன். "அண்ணே, பூசைக்கு வண்டியெல்லாம் கழுவிப் பொட்டு வைக்கிறோம்ல, கிட்டாரைப் பழைய கம்பியோட எப்படிச் சாமி முன்னாடி வைக்கிறது? எல்லாத்துக்கும் புதுசு மாட்டுனேன். போன பிராக்டிஸ்ல அக்கா விரல்ல பிளாஸ்திரி ஒட்டியிருந்தாங்க. அந்தத் தடிக் கம்பியை அமுத்தி அமுத்தித்தான் புண்ணாயிருச்சுன்னு மெல்லிசா மாட்டிவிட்டேன். அக்கா சந்தோசப்படுவாங்கன்னு நெனச்சேன்."

பாருங்கள். பையன் அன்பாகத்தான் செய்திருக்கிறான். இரண்டாவது கிட்டார் வாசிக்கிறவன், உங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறவன். அவன்மேல் கோபப்படாதீர்கள்.

இன்னொன்று. ஒன்பது செட் என்ன குற்றமா அக்கா? உலகத்தில் எத்தனையோ பெரிய கிட்டார்காரர்கள் அதைவிட மெல்லிய கம்பியில் வாசிக்கிறார்கள். சுகு வாசிக்கிறான். நீங்கள்தான் அந்த ஓட்டுச் சில்லு மாதிரி தடி பிக்கை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு கம்பியில் மண்வெட்டி போடுவது போல அடிக்கிறீர்கள். கம்பி என்ன செய்யும், பாவம்!

மைக்கில் பேசியதைச் சொல்கிறீர்கள். அங்கே நிலைமை என்ன? கம்பி அறுந்துவிட்டது. பாட்டு நின்றுவிட்டது. ஐந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான்கு வினாடி சும்மா நின்றால் கூட்டம் சாப்பாட்டுப் பக்கம் போய்விடும். முன்னால் நிற்கிறவன் எதையாவது சொல்லித்தான் ஆகவேண்டும். வாயில் வந்ததைச் சொன்னேன். சிரித்தார்கள், கை தட்டினார்கள், நீங்கள் சுகுவின் கிட்டாரை வாங்கி மாட்டுகிற வரைக்கும் கூட்டம் நின்றது. நான் நம் மேடையைக் காப்பாற்றினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

காணொளி ஓடோ ஓடு என்று ஓடுகிறது. இதுவரை நாம் போட்ட எதுவும் இப்படி ஓடியதில்லை. தீபாவளிக்கு மூன்று இடத்திலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். இப்போது எடுத்தால் எப்படி?

நீங்கள் இவ்வளவு வருத்தத்தில் இருப்பதால் ஒரு யோசனை. பதிவுக்கு உங்கள் பகுதியைச் சுகு வாசிக்கட்டும். உங்கள் பெயரையும் போட்டுவிடுவோம். நீங்கள் கொஞ்சம் ஓய்வு எடுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி,
திலீப்


புக்கிட் பெலிம்பிங்
13 அக்டோபர் 2025

திலீப்,

ஓய்வு எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறாய். நான் ஓய்வு கேட்டேனா?

விரலில் இருந்த பிளாஸ்திரிக்குக் காரணம் கம்பி இல்லை. ஆய்வுக்கூடத்தில் சூடான குடுவையைத் தொட்டுவிட்டேன். "அக்கா, விரல்ல என்ன?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சுகுமாறன் கேட்கவில்லை. பார்த்தான், பெண் கை என்று முடிவு செய்தான், மாற்றினான். ஆஷிக் கையிலும் அன்று பெரிய கட்டு இருந்தது, கடையில் ரொட்டிக் கல்லில் சுட்டுக்கொண்டு வந்திருந்தான். அவனுக்கு யாராவது மெல்லிய டிரம் குச்சி வாங்கி வைத்தீர்களா?

ஒன்பது செட் குற்றம் என்று நான் எழுதவில்லை. திரும்பப் படித்துப் பார். கம்பியின் தடிமன் வீரத்தின் அளவு இல்லை. அது அவரவர் கையின் பழக்கம். செட்டின் எண் என்பது முதல் கம்பி அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு தடிமன் என்பதுதான். ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. கைக்குத் தெரியும். நான் சாதாரணச் சுருதியைவிட அரைப்படி இறக்கி வாசிக்கிறேன். இறக்கினால் கம்பி தளரும். தளர்வை ஈடுகட்டத் தடித்த கம்பி போடுகிறேன். அந்தக் கம்பியின் இழுப்புக்கு ஏற்றபடி கிட்டாரின் கழுத்தைச் சரிசெய்து வைத்திருக்கிறேன். மெல்லிய கம்பி போட்டால் இழுப்பு குறையும், கழுத்து பின்னால் வளையும், கம்பி ஃப்ரெட்டில் உரசும். பதினொன்றுக்குப் பழகிய விரல் ஒன்பதை அதே பலத்தில் இழுத்தால் சுரம் போகவேண்டிய இடத்தைத் தாண்டிப்போகும். அன்று தாண்டிப்போய் அறுந்தது.

பிக்கைப் பற்றிக் கேலி செய்திருக்கிறாய். சுகுமாறனின் பிக் இலை மாதிரி வளையும். கம்பியைத் தொட்டதும் அது மடங்கி, பிறகு வழுக்கி விடும். எல்லாக் கம்பிகளையும் வேகமாக வருடி வாசிக்க அது நல்லது, அவனுக்கு அழகாக வருகிறது. என் பிக் வளையாது. நான் எந்தக் கணத்தில் அடிக்கிறேனோ அந்தக் கணத்தில் ஒலி வரும். வளையாத பிக்கும் தளர்ந்த கம்பியும் சேர்ந்தால் மேடையில் நீ கேட்ட அபஸ்வரம்தான் கிடைக்கும். இரண்டில் ஒன்றை மாற்றினால் மற்றதையும் மாற்ற வேண்டும். கையையும் மாற்ற வேண்டும். அதற்கு மாதங்கள் ஆகும். எனக்குக் கிடைத்தது ஆஷிக்கின் நான்கு தட்டு.

இனி 'சங்கு'. திரும்பத் திரும்ப வரும் அந்தத் தொடக்க ரிஃப் நான் அமைத்தது. பழக்குலைகளை ஏற்றிய கூண்டு வண்டிகள் தண்டவாளத்தில் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு ஆலைக்குள் போகும் சத்தத்தைத் தினமும் கேட்டுக் கேட்டு அமைத்தது. கனமான கம்பியில், கீழ்நோக்கி மட்டும் அடித்து வாசிக்க வேண்டும். அது இன்னொருவர் கையில் இன்னொரு பாட்டாகத்தான் வரும். என் பெயரைப் போட்டு அவன் வாசிப்பானாம். அதற்கு நான் ஓய்வெடுத்துக்கொண்டு சம்மதம் சொல்ல வேண்டுமாம்.

முடியாது. என் ரிஃப்பை நான்தான் வாசிப்பேன். இல்லாவிட்டால் அந்தப் பாட்டு வெளிவராது.

மேடையைக் காப்பாற்றினேன் என்கிறாய். "ஒரு கம்பி அறுந்துடுச்சு, கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லியிருந்தாலும் மேடை நின்றிருக்கும்.

புனிதவதி


உலு யாம்
22 அக்டோபர் 2025

அக்கா,

தீபாவளி வாழ்த்துகள். இரண்டு நாள் தாமதம்.

உங்களிடம் மறைக்கவில்லை. போன வாரம் சுகுவை வைத்து 'சங்கு' வாசித்துப் பார்த்தோம். ஒன்பது செட், அவனுடைய பிக். ஆஷிக் பாதியில் குச்சியைக் கீழே வைத்துவிட்டான். "மச்சான், அக்கா வாசிச்சா ஆலை வருது. இவன் வாசிச்சா ஐஸ்கிரீம் மோட்டார் வருது" என்றான். சுகுவே சிரித்துவிட்டான். சரி, கம்பிதானே குறை என்று கடைக்கு ஓடிப்போய்ப் பதினொன்று வாங்கி மாட்டிக்கொண்டு, உங்கள் மாதிரியே வளையாத பிக்கும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். இரண்டாம் சுற்றில் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். மூன்றாம் சுற்றில் பிக் பறந்துபோய் என் காபியில் விழுந்தது. "அண்ணே, இதைத்தான் அக்கா ரெண்டு மணி நேரம் வாசிக்கிறாங்களா? எனக்குக் கை போயிருச்சு" என்றான்.

நீங்கள் எழுதியது அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒத்துக்கொள்கிறேன். 'சங்கு' உங்களுடையது. பதிவுக்கு நீங்கள்தான் வர வேண்டும். வாருங்கள் அக்கா.

இன்னொரு விஷயம். கோபப்படாமல் படியுங்கள். வரும் சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை தஞ்சோங் காராங்கில் தீபாவளி விருந்து நிகழ்ச்சி. பெரிய மேடை. கூப்பிட்டவர் முதலில் கேட்டதே, "அந்தக் கம்பி அறுக்கிற அக்கா வருவாங்களா?" என்றுதான். அவர் மனைவி அந்தக் காணொளியைத் தினமும் பார்க்கிறாராம். நான் யோசித்தேன். நாமே அதை ஒரு அயிட்டமாக்கினால் என்ன? மூன்றாம் பாட்டில் நீங்கள் வேண்டுமென்றே ஒரு கம்பியை அறுக்கிறீர்கள். நான் அதே வசனத்தைச் சொல்கிறேன். நீங்கள் என்னை முறைக்கிறீர்கள். கூட்டம் பிய்த்துக்கொள்ளும்! பழைய மெல்லிய கம்பி ஒன்று மாட்டிக்கொண்டால் போதும், ஒரு கம்பிதான் லா.

யோசித்துச் சொல்லுங்கள்.

திலீப்


புக்கிட் பெலிம்பிங்
25 அக்டோபர் 2025

திலீப்,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை நீ விளையாடுகிறாய் என்று நினைத்தேன்.

உன் கண்ணெதிரில் ஒருவனின் மணிக்கட்டு வலித்திருக்கிறது. அவனைப் பார்த்து "ஆம்பளை கைதானே, பாவம்" என்று யாராவது சொன்னீர்களா? பாட்டு கடினம் என்று சொன்னீர்கள். சரியாகத்தான் சொன்னீர்கள். எனக்கு மட்டும் கம்பி அறுந்தால் கை காரணம். அவனுக்கு வலித்தால் கம்பி காரணம். இதை ஒரே தாளில் எழுதி, அடுத்த பத்தியிலேயே அந்த அவமானத்தை நானே நடித்துக் காட்ட வேண்டும் என்று கேட்கிறாய். எனக்கு நாற்பத்தெட்டு வயது. முப்பது வருஷமாகக் கிட்டார் வாசிக்கிறேன். பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் விடுதிப் பொறுப்பாளர் சத்தம் போடுவார் என்று போர்வைக்குள் வைத்து வாசித்தவள். கூட்டம் பிய்த்துக்கொள்வதற்காகக் கம்பி அறுக்க மாட்டேன்.

சுகுமாறன் தீபாவளியன்று வீட்டுக்கு வந்தான். முறுக்கு டப்பாவை நீட்டிக்கொண்டு வாசல் கதவுக்கு வெளியிலேயே நின்றான். "அக்கா, நான் உங்களைக் கேட்டிருக்கணும். கேக்காம தொட்டது தப்பு" என்றான். அவ்வளவுதான். விளக்கம் சொல்லவில்லை, சிரிப்புக் காட்டவில்லை. உள்ளே கூப்பிட்டுச் சாப்பாடு போட்டேன். எவ்வளவு எளிது என்று உனக்குத் தெரியட்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

தஞ்சோங் காராங்குக்கு நான் வரமாட்டேன். பதிவுக்கு வருவேன், காணொளி நம் பக்கத்திலிருந்து போயிருந்தால். போகாவிட்டால் வரமாட்டேன், பாட்டும் கிடையாது. இதில் பேரம் இல்லை.

புனிதவதி


உலு யாம்
3 நவம்பர் 2025

அக்கா,

காணொளியை எடுத்துவிட்டேன்.

நல்லவனாகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன். சனிக்கிழமை தஞ்சோங் காராங்கில் நீங்கள் இல்லாமல் ஏறினோம். முதலிலிருந்தே, "அக்கா எங்க? கம்பி அக்கா எங்க?" என்று சத்தம். சமாளித்தேன். நான்காம் பாட்டில் உச்சிக்குப் போகிற இடம் உங்களுக்குத் தெரியும். இரண்டு நாளாக எனக்குச் சளி. அன்று தொண்டை சொன்னபடி கேட்கவில்லை. குரல் உடைந்துவிட்டது. முன் மேசையிலிருந்து ஒருத்தர் எழுந்து, கையில் தட்டோடு, என்னுடைய அதே ராகத்தில் சொன்னார்: "தம்பிக்குத் தொண்டை வலிக்குது போல. பாவம். நல்லா கை தட்டுங்க லா!"

மண்டபம் முழுக்கத் தட்டினார்கள். அக்கா, அந்தக் கைதட்டல் எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. இருபது வருஷமாக மைக் பிடிக்கிறேன், தெரியாது. மீதிப் பாட்டை எப்படிப் பாடினேன் என்று நினைவில்லை. ஆஷிக் பிறகு, "சும்மா தமாசு மச்சான், விடு" என்றான். அவன் வாயைப் பொத்தலாம் போல இருந்தது. பிறகு யோசித்தேன், நான் உங்களுக்கு எழுதியதும் அதேதான்.

வேனில் உட்கார்ந்தே அழித்தேன். ஆனால் வேறு ஆட்கள் எடுத்துப் போட்டுவிட்டார்கள். எத்தனை இடத்தில் இருக்கிறது என்று தெரியவில்லை. நீக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன், சிலர் நீக்கினார்கள், சிலர் சிரிக்கிற பொம்மை அனுப்பினார்கள். அதை என்னால் திரும்பப் பிடிக்க முடியவில்லை. இதை மறைக்கக்கூடாது என்று எழுதுகிறேன்.

நான் சொன்னது தப்பு அக்கா. மன்னித்துவிடுங்கள்.

பதினைந்தாம் தேதி, செந்தூல் ஸ்டூடியோ, காலை பத்து மணிக்கு. உங்கள் கிட்டாரை யாரும் தொடமாட்டார்கள். நீங்களே கொண்டு வாருங்கள்.

திலீப்


புக்கிட் பெலிம்பிங்
18 நவம்பர் 2025

திலீப்,

பதிவு முடிந்ததும் சாப்பிடக்கூட நிற்காமல் ஏன் போய்விட்டேன் என்று ஆஷிக் மூலம் கேட்டனுப்பியிருக்கிறாய். சொல்கிறேன்.

முதலில் பாட்டைப் பற்றி. 'சங்கு' நன்றாக வந்திருக்கிறது. சுகுமாறன் மேலே மெல்லிய கம்பியில் வாசித்தது என் ரிஃப்புக்கு மேல் ஆலைப் புகை போல மிதக்கிறது. இரண்டு கம்பியும் இரண்டு கையும் ஒன்றையொன்று கெடுக்காமல் நிற்கின்றன. நீ பாடியதும் குறையில்லை. கடைசிச் சரணத்தில் நீ குரலை உயர்த்தாமல் அடக்கியது சரியான முடிவு. இதை நான் மனதார எழுதுகிறேன்.

உன் மன்னிப்பையும் ஏற்றுக்கொண்டேன். அந்த எண்ணத்தோடுதான் செந்தூலுக்கு வந்தேன். சனிக்கிழமைப் பயிற்சிக்குத் திரும்ப வரலாம் என்றுகூட நினைத்திருந்தேன்.

நான் கண்ணாடி அறைக்குள் தனியாக உட்கார்ந்து ரிஃப்பை வாசித்தேன். இரண்டாம் முறையே சரியாக வந்துவிட்டது. கடைசி அடியை அடித்து, கம்பியின் மேல் உள்ளங்கையை வைத்து நிறுத்தினேன். ஹெட்ஃபோன் காதில் இருந்தது. உங்கள் பக்கத்து மைக்கை ஒலிப்பதிவாளர் அணைக்கவில்லை. நீ அவரிடம் சொன்னது கேட்டது.

"பாத்தீங்களா பாஸ்? கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டா பொம்பளை கைன்னு சொல்லவே முடியாது!"

அவரும், "ஆமா லா" என்றார். நீ பெருமையாகச் சிரித்தாய். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினாய். நானும் தலையசைத்தேன்.

நீ கேலி செய்யவில்லை. அது எனக்குத் தெரியும். தஞ்சோங் காராங்கில் பட்ட பிறகு, எனக்கு அத்தனை நீளமாக எழுதிய பிறகு, மனம் நிறைந்து, என்னைப் பற்றி உனக்குத் தெரிந்த மிக உயர்ந்த பாராட்டாக அதைச் சொன்னாய். மேடையில் சொன்னதை வாய் தவறியது என்று விட்டுவிடலாம். இதை அப்படி விட முடியாது. மோசமாக வாசித்தால் அது பெண் கை. நன்றாக வாசித்தால் அது பெண் கை இல்லை. அப்படியானால் நான் எப்போது வாசிக்கிறேன், திலீப்?

இதற்கும் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டாம். நீ எழுதுவாய், நன்றாகவே எழுதுவாய். நானும் படித்துவிட்டு இன்னும் ஒரு வருஷம் வருவேன்.

பாட்டு வெளிவரும்போது 'கிட்டார்: புனிதவதி, சுகுமாறன்' என்று போடு. இருவர் பெயரும் ஒரே அளவில் இருக்கட்டும். பாட்டில் நான் இருக்கிறேன். குழுவில் இல்லை. பயிற்சிக் கூடத்தில் இருக்கும் என் ஆம்ப்ளிஃபையரை எடுக்க ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன். கனமானது, எனக்குத் தெரியும். நானே தூக்கிக்கொள்வேன்.

புனிதவதி